இடது தோள்

மே 4, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. தூத்துக்குடியிலிருந்து சிறுமலை வரை பைக்கில். நேற்றே பகவதி அக்கா போனில் கத்தினாள்.

"பஸ்ஸுல போனா என்னலே? இந்த வெயில்ல பைக்கை உருட்டிக்கிட்டுப் போயி வழியில எங்கயாச்சும் மயங்கி விழணுமா?"

பஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "என்னைக்குலேருந்து?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

மையம் என்று இவர்கள் சொல்வது ஓடு வேய்ந்த ஒரு நீளக் கூடம். பின்னால் வரிசையாக அறைகள், ஒரு சமையல்கட்டு. சுற்றிலும் எலுமிச்சை, பலா, குரங்கு. ஜென் முறைப்படி ஒரு வாரம் இங்கே சுவரைப் பார்த்து உட்கார வேண்டுமாம். இதற்கு மலையேறி வர வேண்டுமா? என் வீட்டிலும் சுவர் இருக்கிறது. தை மாதத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் எழுதுகிறேன். அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்தால் நடந்ததை எழுதிவைக்காமல் வெளியே வர முடியாது. கை பழகிவிட்டது. சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பதும், மோட்டாரின் தண்டையும் பம்ப்பின் தண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதும் என் வேலை. முடியளவு விலகினாலும் பேரிங் சூடாகும், அலறும், ஒரு நாள் உடையும். எங்கே கோணல் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் அமைதியாக ஓடும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தியானம்.

என் மனைவி சங்கரி தையில் இறந்தாள். நான் அழவில்லை. அன்றும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. ஊரெல்லாம் இது ஒரு பெரிய விஷயமாகிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், ஆதிரை இப்போது தென்காசியில் அத்தை வீட்டில், சங்கரியின் அம்மாவிடம், இருக்கிறாள் என்பது. என் மகள். மூன்று வயது. பங்குனியில் அத்தை வந்து தூக்கிக்கொண்டு போனாள். போன வாரம் போனில் சொன்னது இது:

"மே பதினொண்ணு ஞாயித்துக்கிழம வாங்க மாப்ளை. ஒரு முடிவு சொல்லிருங்க. நான் அவள இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருதேன். உங்களால வளக்க முடியாது. பச்சப்புள்ளைய உறங்க விடமாட்டேங்கிய."

தூங்குகிற குழந்தையைச் சில தடவை எழுப்பினேன். அதற்கு இவ்வளவு. ஓடுகிற இயந்திரத்தை நடுவில் தொட்டுப் பார்க்காதவன் என்ன எஞ்சினியர்?

"இப்பிடிக் கல்லு மாதிரி போயி அத்தை முன்னால நின்னா பிள்ளை உனக்கு இல்ல, பாத்துக்க. அங்க போயி ஒரு வாரம் இருந்து, மனுசனா திரும்பி வா" என்று சொல்லி அக்காதான் இங்கே பெயர் கொடுத்தாள்.

படுக்கை பலகை மாதிரி இருக்கிறது.

மே 5, திங்கள்

உட்காருவதற்கு இவ்வளவு விதிமுறை இருக்கும் என்று நினைக்கவில்லை. வட்டமான ஒரு கெட்டித் தலையணை. அதன் முன் நுனியில் உட்கார்ந்து காலை மடிக்க வேண்டும். இரண்டு முட்டியும் தரையில் பட வேண்டும். முட்டிகள் இரண்டு, உட்காரும் இடம் ஒன்று, ஆக மூன்று தாங்கல். அதன்மேல் முதுகெலும்பு, அதன்மேல் தலை. மோவாயை உள்ளே இழுத்து, உச்சியை யாரோ நூல் கட்டித் தூக்குவதுபோல வைத்துக்கொள்ள வேண்டும். கண் பாதி திறந்திருக்கும். இடது உள்ளங்கை வலது உள்ளங்கை மேல். மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், பிறகு மறுபடி ஒன்று. மணி அடிக்கும்வரை அசையக்கூடாது. அடித்ததும் எழுந்து கூடத்துக்குள்ளேயே ஆமை மாதிரி நடை. பிறகு மறுபடி உட்கார்.

அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரோ யோசித்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். எரிச்சல் என்னவென்றால், எனக்கு அது பொருந்தவில்லை.

கூடத்தை நடத்துவது எஸ்தர் என்று ஒரு பெண். நாகர்கோவில்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடக்கிறார். என் பின்னால் வந்து நின்றார்.

"இந்தத் தோளு எதுக்கு காதுகிட்ட போயி நிக்குது?"

இடது தோள். கையால் அமுக்கினார். இறங்கியது. கையை எடுத்தார். ஏறிக்கொண்டது. மறுபடி அமுக்கினார். மறுபடி ஏறியது.

"ஸ்பிரிங் வச்சிருக்கீங்களா என்ன?" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் சென்னியப்பன். நாமக்கல்லில் கோழிப்பண்ணை. அறுபதைத் தாண்டியவர். இவருக்கு உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. தலை முன்னால் தொங்கும், தூக்கிப்போட்டு நிமிரும், மறுபடி தொங்கும். கூடவே குறட்டை. ஆயில் வற்றிய கம்ப்ரசர் மாதிரி ஒரு சத்தம்.

காலையில் சமையல்கட்டில் இரண்டு பேருக்கும் பீன்ஸ் நறுக்கும் வேலை. மௌனமாக நறுக்க வேண்டும். அவர் மௌனமாக இரண்டு பீன்ஸ் நறுக்கியிருப்பார்.

"ஏனுங்க தம்பி, வூட்டுல எனக்குப் பொட்டுத் தூக்கம் கெடையாதுங்க. செட்டுல ஒரு கோழி தும்முனாலும் முழிச்சுக்குவேன். இங்க வந்து செவுத்தப் பாத்தாப் போதும், அப்படியே அமுக்கிப்போடுது."

"தியானம் பண்ண வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?"

"பொண்ணு அனுப்பிச்சுதுங்க, பிரஷருக்கு நல்லதுன்னு. இதோ தூக்கம்னு ஒண்ணு கெடைக்குதுல்லங்க, அது போதும்."

எஸ்தர் எட்டிப் பார்த்தார். சென்னியப்பன் பீன்ஸை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

மே 6, செவ்வாய்

இன்று பாராட்டு கிடைத்தது. நடைக்குப் பிறகு எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் இந்தக் கூடத்துல வருஷக்கணக்கா இருக்கேன். மொத வாரத்துலயே இப்பிடி அசையாம இருந்த ஆளை நான் கண்டதில்ல. ஈ வந்து மூக்குல உக்காந்துச்சு. நீங்க கண்ணைக்கூட சிமிட்டல. எங்க பழகுனீங்க?"

"வேலையில."

"மெஷின் ஓடும்போது அசையாம நிக்கணுமோ?"

"ஆமா."

அப்படியெல்லாம் ஒரு விதியும் கிடையாது.

"ஆனா ஒண்ணு சொல்லட்டா?" என்று மூக்கை உறிஞ்சினார். "எல்லாரும் அசையாம இருக்கப் பாக்காங்க. நீங்க எதையோ அசைக்காம இருக்கப் பாக்கிற மாதிரி இருக்கு. ரெண்டும் ஒண்ணு கெடையாது."

இந்த மாதிரிப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காது. இதற்கு என்ன அலகு, எதை வைத்து அளப்பது?

எதிர்வரிசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். ஒவ்வொரு அமர்விலும் அழுகிறாள். மணி அடிக்கும், மூச்சு விடுவாள், தோள் தளரும், கண்ணீர் கொட்டும். எழுந்து முகம் கழுவி, சாப்பாட்டில் இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடிக்கிறாள். நேற்று ராணிப்பேட்டை வாத்தியார் ஒருவரும் அழுதார். இன்று காலை வேறொருவர். எல்லோருக்கும் வருகிறது. நல்லதண்ணீர் லாரி மாதிரி வரிசையாக வருகிறது, என் குடத்தின் முறை வந்ததும் குழாய் நின்றுவிடுகிறது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். அத்தை முன்னால் போய் நின்று என்ன சொல்வது? நான் கல் இல்லை என்று எப்படிக் காட்டுவது?

சாயங்காலம் பலா மரத்தடியில் மட்டும்தான் சிக்னல். ஆதிரையிடம் பேசினேன்.

"அப்பா, நான் பாட்டிகூட தூங்குதேன். பாட்டி எழுப்பவே மாட்டா."

"அப்படியா, சரி கண்ணு."

"நீ எழுப்புவ."

போன் வெட்டிக்கொண்டது. சிக்னல்தான் காரணம்.

மே 7, புதன்

நேற்று இரவு வேலைசெய்தேன். தோட்டக் கொட்டகையில் கொத்தனார் விட்டுப்போன தூக்குக்குண்டு ஒன்று கிடைத்தது. அதை என் அறை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். நூல் நேராக நிற்கிறது, நான்தான் கோணல். இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை மேலே இருக்கிறது. வேண்டுமென்று இறக்கினால் இறங்குகிறது. கவனம் வேறுபக்கம் போனால் ஏறிக்கொள்கிறது.

மேலே கோணல் இருந்தால் அடித்தளத்தில் கை வைக்க வேண்டும். மோட்டாரின் கால் ஒன்று தாழ்ந்திருந்தால் அதன் அடியில் தகடு கொடுப்போம். அதே கணக்குதான். துண்டை நான்காக மடித்து என் வலது பக்கப் புட்டத்துக்கு அடியில் வைத்தேன். வலதுபக்கம் முழுவதும் ஏறியது. தோள் இரண்டும் ஒரே மட்டம். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். நிம்மதியாகப் படுத்தேன்.

காலை அமர்வு முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. வாத்தியாரும் சென்னியப்பனும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். எஸ்தர் தலையணை மேல் கிடந்த துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தோளை எறக்கச் சொன்னா, ஊரையே ஏத்தி வச்சிருக்கீங்க."

சென்னியப்பன் சிரிப்பை அடக்கியதில் குலுங்கினார். அந்தக் குலுங்கல் என் இடுப்பு வரை வந்தது.

வெந்நீர் ஒத்தடத்தோடு எஸ்தரின் அறைக்குத் தனிச் சந்திப்புக்குப் போனேன். ஆளுக்குக் கொஞ்ச நேரம், கேள்வி இருந்தால் கேட்கலாம்.

"எப்ப அழுகை வரும்?" என்று கேட்டேன்.

"என்னது?"

"எல்லாருக்கும் வருது. எனக்கு வரல. எப்படி உக்காரணும்? எந்த இடம் இளகணும்? சொல்லுங்க, செய்யுதேன்."

தும்மினார்.

"எனக்குத் தெரியாது."

"இத்தனை வருஷமா உக்காந்திருக்கீங்க!"

"உக்காந்திருக்கேன். சிலருக்கு ஒடம்பு புடிச்சு வச்சிருக்கிறதை விட்டுரும். சிலருக்கு விடாது. நான் மொத ரெண்டு வருஷம் சும்மா கால் வலியாக்கும் கண்டேன். அழறதுக்காக உக்காந்தா அழுகை வராது, இடுப்புப் பிடிப்புதான் வரும். அதான் வந்திருக்கே."

"அப்ப இங்க எதுக்குத்தான் வாறது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

பதில் சொல்லத் தெரியாதவர்கள் கேள்வியை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் மேனேஜரும் இதையேதான் செய்வார்.

கதவருகில் வந்ததும் கேட்டார்: "அந்தத் தோள்ல ஏதாச்சும் அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"யாரையாச்சும் தூக்கிச் சுமந்தீங்களா?"

"இல்ல" என்றேன். அது உண்மை. தூக்கவில்லை.

மே 8, வியாழன்

மழை. சுவர். இடுப்பு. சுவரில் ஒரு பல்லி, அதற்கு மட்டும் அசைய அனுமதி உண்டு.

மே 9, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக வருகிறது. போகட்டும்.

காலையிலிருந்து விடாத மழை. கூடத்தில் ஓடு நாலைந்து இடத்தில் ஒழுகியது. ஒழுகும் இடங்களில் வாளி வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் பாய்களை நெருக்கிப் போட்டிருந்தார்கள். சென்னியப்பன் தொடையும் என் தொடையும் உரசும் நெருக்கம். எரிச்சலோடு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு, புளிக்குழம்பு வேறு. அவர் கதி என்ன ஆகும் என்று முன்னமே தெரியும்.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே சாய ஆரம்பித்துவிட்டார். வழக்கமாக முன்னால் சாய்வார். இன்று பக்கவாட்டில். தலை என் இடது தோளில் வந்து இறங்கியது. அந்தத் தோள் அதற்கென்றே செய்துவைத்த மாதிரி சரியான உயரத்தில் இருந்தது.

நான் அசையவில்லை. அசையாமல் இருப்பது எனக்கு வரும். ஒரு தலையின் எடை ஒரு பக்கமாக இறங்கினால் கழுத்தில் எந்த இடத்தை இறுக்க வேண்டும், முழங்கையை எங்கே ஊன்ற வேண்டும், மேடு பள்ளத்தில் தூக்கிப்போடும்போது தலை நழுவாமல் இருக்கத் தோளை எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் தெரியும்.

கூடத்தில் மேடு பள்ளம் ஏது?

சரி. எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் சங்கரியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். ஆதிரைக்குச் சளி என்று தென்காசியில் அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். திரும்பியது பகல் பஸ்ஸில். சங்கரிக்குக் காலையிலிருந்தே தலைவலி. மாத்திரை போட்டாள். மதுரை தாண்டியதும், "தோளக் கொஞ்சம் ஏத்துங்க, கழுத்து வலிக்கு" என்றாள். ஏற்றினேன். சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள்.

அருப்புக்கோட்டை வந்தது, போனது. நான் தோளை இறக்கவில்லை. எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். கண்டக்டர் வந்து, "சார், எறங்கலியா?" என்றார். நான் உதட்டில் விரல் வைத்து, தூங்குகிறாள் என்று காட்டினேன். அந்த மனிதர் சிரித்துவிட்டு, விசிலைக்கூட மெதுவாக ஊதினார். என் கை மரத்துவிட்டது. எறும்பு ஓடியது, பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எந்தப் புருஷன் இப்படி உட்கார்ந்திருப்பான்?

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு எழுப்பினேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் டாக்டர். எட்டயபுரத்துக்கு முன்னாலேயே உயிர் போயிருக்கும் என்றார். "அப்பவே கவனிச்சிருந்தாலும்..." என்று ஏதோ தொடங்கினார். அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது கூடம். ஓட்டின்மேல் மழை கொட்டுகிறது. சென்னியப்பனின் குறட்டை கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காது என்று மூளைக்குத் தெரிகிறது. மூச்சுக்காற்று கழுத்தில் படுகிறதா என்று பார்த்தேன். படவில்லை. ஈரக்காற்றில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் மூச்சை எண்ணினேன். என் மூச்சை இல்லை, அவருடையதை. ஒன்று வரவேண்டும். ஒன்று வரவில்லை.

பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். மற்றவர்கள் சொன்னது மீதி. இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். "எந்திரி! ஏ எந்திரி! சங்கரி, எந்திரிட்டி!" என்று கத்தியிருக்கிறேன். நாள்முழுக்க யாரும் குரல் உயர்த்தாத கூடம் அது.

சென்னியப்பன் கண்ணை விரித்து, கையிரண்டையும் தூக்கி, "எந்திரிச்சுட்டனுங்க தம்பி! எந்திரிச்சுட்டன்! மணி அடிச்சாச்சுங்களா?" என்றார்.

கண் திறந்திருந்தது. வாய் பேசியது. புளிக்குழம்பு நெடி அடித்தது.

முதலில் இடது தோள் நடுங்கியது. எங்கள் இயந்திரங்களில் நடுக்கம் ஒரு பேரிங்கில் தொடங்கி அடித்தளம் வரை பரவும். அப்படித்தான் பரவியது. விலா, வயிறு, முட்டி. பல்லெல்லாம் கிட்டித்தது. நிறுத்தப் பார்த்தேன், எங்கே பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. நான் அதுவரை கேட்டிராத சத்தம், மாடு கத்துவதுபோல. அது என்னிடமிருந்து வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் என் தலையைப் பிடித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். "செரி, செரி, ஒண்ணுமில்லீங்க, நான் எந்திரிச்சுட்டன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தர் வரவில்லை. நிரம்பிப்போன வாளியை எடுத்து வேறு வாளி வைத்தாராம். மணியை மட்டும் அடிக்காமல் வைத்திருந்தார்.

முடிந்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கைக்குட்டை இல்லை. சென்னியப்பன் வேட்டியில் துடைத்தேன்.

இதைத்தான் இவர்கள் விடுதலை என்கிறார்களா? தலை வலிக்கிறது. தொண்டை புண்ணாகிவிட்டது. கண் வீங்கி எழுத்து தெரியவில்லை. மனம் லேசாகும், பூ மாதிரி ஆகும் என்று அக்கா சொன்னாளே, அவளைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

மே 10, சனி

சமையல்கட்டில் பலாக்காய் நறுக்கினோம். கையெல்லாம் பால், எண்ணெய் தடவியும் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை என்பதால் எல்லாவற்றையும் சென்னியப்பனிடம் சொன்னேன். பஸ், தோள், ஆதிரை, தென்காசி. மன்னிப்பும் கேட்டேன்.

"அட வுடுங்க தம்பி. ஆனா ஒண்ணுங்க, நீங்க எழுப்புன எழுப்புல இனி ஒரு வாரத்துக்கு எனக்கு ஒறக்கம் வராதுங்க. உசுரு தொண்டைக்கு வந்துருச்சு. எங்கிருக்கேன்னே தெரியல, எதுக்குன்னும் தெரியல." கொஞ்ச நேரம் பலாக்காயை நறுக்கினார். "பாப்பாவையும் இப்பிடித்தான் எழுப்புவீங்களா?"

நான் விரலில் ஒட்டிய பாலைச் சுரண்டினேன்.

அவர் கண் திறந்தபோது அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தூத்துக்குடியில், கொசுவலைக்குள். ஒரு நாளில் எத்தனையோ தடவை. ஆதிரை கண் திறந்துவிட்டாள் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணுக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை.

மதியம் கிளம்புகிறேன் என்று எஸ்தரிடம் சொல்லப் போனேன். இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. அவர் தடுக்கவில்லை.

"இப்ப கிடைச்சிருச்சுன்னு நெனச்சு, இன்னொரு தடவ இது வரணும்னு உக்காராதீங்க கேட்டீங்களா?"

"இன்னொரு தடவையா? வேண்டவே வேண்டாம்."

முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். தோள் அப்படியொன்றும் முழுதாக இறங்கிவிடவில்லை. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வலிக்கிறது. இவ்வளவு நாள் வலித்ததே இல்லை.

மே 11, ஞாயிறு

தென்காசி. பகவதி அக்கா எனக்கு முன்னாலேயே வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "எலே நெல்லையப்பா, கண்ணு என்னல இப்பிடி வீங்கிக் கெடக்கு?" என்றாள். ஆதிரை தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஓடிவிட்டாள்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. "சொல்லுங்க மாப்ளை. என்ன முடிவு பண்ணியிருக்கிய?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டேன்.

"நான் ஏன் பிள்ளைய எழுப்புனேன்னு சொல்லணும் அத்தை."

சொன்னேன். நேற்று முன்தினம் எழுதியதைவிடக் குறைவாகத்தான் சொல்ல முடிந்தது. டீக்கடையில் நிறுத்தியதைச் சொல்லும்போது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை அசையவில்லை.

"நீங்களும் உறங்கிட்டியன்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் அத்தை.

"உறங்கல. முழிச்சுதான் இருந்தேன்."

"முழிச்சிருந்துமா தெரியல?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான்கு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கேட்டுவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை.

"தெரியல அத்தை."

அத்தை எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று தடாலென்று விழுந்தது. அல்லது போட்டாளா, தெரியாது. நெடுநேரம் வரவில்லை. அக்கா எழுந்து போகப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வந்தபோது அத்தையின் முகம் கழுவியிருந்தது. என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சொன்னா?"

"தோளக் கொஞ்சம் ஏத்துங்கன்னா. கழுத்து வலிக்குன்னா."

"அவளுக்குத் தலகாணி உசரமா வேணும். சின்னப் பிள்ளையிலேருந்து. ரெண்டு தலகாணி வச்சாலும் பத்தாது, என் கையையும் இழுத்து அடியில வச்சுக்கிடுவா." நெற்றியைத் தேய்த்தாள். "ஏத்துனியளா?"

"ஏத்துனேன்."

"எறக்கவே இல்லியா?"

"இல்ல."

அத்தை என் இடது தோளைப் பார்த்தாள். அக்காவையோ என்னையோ பார்க்கவில்லை, அந்த இடத்தை மட்டும் பார்த்தாள். பிறகு அழுதாள். என்னால் அழ முடியவில்லை. முந்தாநாள் எல்லாம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் எழுந்து வெளியே போகாமல் இருந்தேன்.

"இதை எங்கிட்ட அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன? நான் உங்கள என்னல்லாம் பேசுனேன்" என்று என்னைத்தான் திட்டினாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மாறி மாறித் திட்டினார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், பழக்கமாக இருந்தது.

சாப்பாடு ஆனபிறகு ஆதிரை தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள்.

"நீ எழுப்புவியா?"

"மாட்டேன்."

"பாட்டி, அப்பா எழுப்ப மாட்டானாம்" என்று சாட்சி வைத்துவிட்டு, என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். சற்று நேரத்தில் உடல் கனத்தது. கனம் ஏறியதும் என் வலது கை தானாகவே அவள் மூக்குக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். மறுபடி போனது. இந்தக் கைக்குச் சொல் புரியாது.

எதிரே சுவரில் சாய்ந்திருந்த அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உசுப்பாதிய மாப்ளை. வயிறு ஏறி எறங்குது பாருங்க. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

வயிற்றைப் பார்த்தேன். மஞ்சள் கவுனில் ஒரு மாம்பழப் படம். அது ஏறியது, இறங்கியது.

"ஜூன்ல அங்கயே பள்ளிக்கூடத்துல சேருங்க" என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். "நானும் வாரேன், கொஞ்ச நாளைக்கு. அவ உறங்கும்போது நீங்களும் உறங்கணும். நான் முழிச்சிருப்பேன். மாத்தி மாத்திப் பாத்துக்கிடுவோம். ஆனா மறுபடி உசுப்புனியளோ, நான் தூக்கிட்டு வந்துருவேன், ஆமா."

"சரி அத்தை."

கால் மரத்தது. இந்தத் தடவை காலை மெதுவாக மாற்றிக்கொண்டேன். அவள் தலை கொஞ்சம் உருண்டது, முணுமுணுத்தாள், மறுபடி தூங்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

வெயில் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தது. தெருக்கோடியில் ஐஸ்வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான். ஆதிரை கண்ணைத் திறந்தாள். யாரும் தொடவில்லை, யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஐஸு" என்றாள்.